இடது ஸ்பீக்கரின் மௌனம்

என் இரண்டு கண்ணின் மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. உபைதுல்லா பாய், பாட்டுச் சத்தத்தைப் பெருக்கும் தன் பழைய வால்வு பிரீஆம்ப்ளிபயரை என் ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். வலது ஸ்பீக்கர் பாடுகிறது, இடது ஊமை. அவருக்கு வேண்டியதோ இடதுதான். மௌத்தாகிப்போன தம்பி தபேலா வாசித்த ஒரே ரெக்கார்டு அவரிடம் இருந்தது. அதில் பாடகரை வலப்பக்கமும் தபேலாவை இடப்பக்கமும் பிரித்துப் பதிந்திருந்தார்கள்.

"பாடுறவன் எனக்கு எதுக்குண்ணே? தம்பியை எடுத்துக் குடுங்க."

உள்ளே இரண்டு பக்கத்துக் கண்ணாடி வால்வையும் இடம் மாற்றிப் போட்டேன். பழுது வால்வில் என்றால் ஊமை வலப்பக்கம் போயிருக்கவேண்டும். போகவில்லை. சரியென்று தம்பி ரெக்கார்டைக் கடை பிளேயரில் ஓடவிட்டு, இடது வால்யூமை மட்டும் மெதுவாகத் திருகினேன். மௌனம் கூடியது. தலைக்கு மேல் ஃபேன் சத்தமில்லாமல் சுற்றியது. இன்னும் திருகினேன். வாசலில் ஒரு லாரி பூனை மாதிரி போனது. எதிர்மாடிக் காக்கை வாயைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, கோளாறு தன் தொண்டையில்தான் என்று நினைத்துப் பறந்துவிட்டது. முழுக்கத் திருகியதும் மேஜையில் கிடந்த ஈயத் துகள்கள் எழும்பிக் குதித்தன, தாளம் தப்பாமல். பாய் ஸ்பீக்கர் துணியில் உள்ளங்கையை வைத்தபடி நெடுநேரம் நின்றார். பிறகு, பேசுவதற்காக வால்யூமைக் கொஞ்சம் குறைத்தார்.

"அவனேதான். முடிக்கிற இடத்துல இப்படித்தான் அவசரப்படுவான், கழுதை."

உள்ளே ஒரு வயர் பற்று விட்டிருந்ததை அதற்குள் நான் கண்டுபிடித்திருந்தேன். பற்றவைக்க சால்டரிங் அயர்னை எடுத்தேன். பாய் ஒரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் வால்யூமை மறுபடி முழுக்கத் திருகினார்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: அன்று மாதாந்திரப் பராமரிப்புக்காக எங்கள் தெருவில் காலையிலிருந்து மாலைவரை கரண்ட் கிடையாது.