மனைவி முகத்தில் மியூவான்

மனைவியின் கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்த பேராசிரியர், குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் பையைச் சோபாவில் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். நான்கு நாளாக இதே பிழைப்பு.

சந்தேகம் அவள் நடத்தையில் இல்லை, மியூவானின் நடத்தையில். காந்தத்துக்குள் சுற்றவிட்டால் அந்தக் குட்டித் துகள், ஸ்டாண்டர்ட் மாடல் என்ற பாடப்புத்தகக் கோட்பாடு போட்ட கணக்கைவிட ஒரு மயிரிழை கூடுதலாகத் தள்ளாடுவதாகப் பழைய அளவீடு சொன்னது. யார் கண்ணிலும் படாத புதுத் துகள் ஒன்று அதைச் சீண்டுகிறது என்பது பேராசிரியரின் கோட்பாடு.

மனைவியின் லேப் மறுபடி அளந்து முடித்திருந்தது. வெள்ளிக்கிழமை முடிவு.

அவரிடம் இரண்டு கட்டுரைகள் தயார். வித்தியாசம் நிலைத்தால், புதுத் துகள் இருக்கிறது. மறைந்தால், புதுத் துகள் ஏன் ஒளிந்துகொள்கிறது. எதை அனுப்புவது என்பதுதான் சிக்கல். முந்தியவர் பேரில்தான் துகள். பல்கலைக்கழகத்தில் எதிர் அறை வழுக்கைத் தலையரும் ஒரு துகளைப் பெற்றுத் தொட்டிலில் போட்டு வைத்திருந்தார்.

"ஒரே ஒரு வார்த்தை சொல்லும்மா. வித்தியாசம் இருக்கா, இல்லையா?"

"விடையைத் திறக்கிற ரகசிய எண்ணை ஒரு கவர்ல ஒட்டி வெச்சிருக்கு, அந்தக் கவரைப் பிரிக்கிற வரைக்கும் லேப்ல ஒருத்தருக்கும் தெரியாதுங்க. எத்தனை தடவை சொல்றது?"

"கட்டின புருஷன்கிட்டயே கப்சிப்பா!"

"சாப்பாடு ஆறுது, வாங்க."

வாய் திறக்காவிட்டால் என்ன, முகம் இருக்கிறதே. ஏழு வருஷமாக இருட்டிய பிறகு வந்து தலைவலி மாத்திரை தேடுபவள், இந்த வாரம் அவர் வீடு திரும்பும்போதே பாட்டு முணுமுணுத்தாள். சாப்பாட்டு மேசையில் கைக்குழந்தை மாதிரி வீறிடும் அவள் செல்போன்கூட மூச்சு விடவில்லை.

'மேலிடத்திலிருந்து வாய்ப்பூட்டு! அப்படியென்றால் எவ்வளவு பெரிய விஷயம்!' பேராசிரியருக்குப் புல்லரித்தது.

வியாழன் மாலை அவள் காரணமே இல்லாமல் அவர் கன்னத்தைக் கிள்ளினாள். அது போதும். நேராக மேசைக்குப் போய் முதல் கட்டுரையை அனுப்பினார். நன்றியுரையில் 'மௌனமாக வழிகாட்டிய என் மனைவிக்கு' என்றும் சேர்த்தார்.

வெள்ளி காலை பல்கலைக்கழக அரங்கின் திரையில் எல்லோரும் பார்க்கக் கவர் பிரிந்தது. மியூவான், பாடப்புத்தகத்தைப் பார்த்துக் காப்பியடித்ததுபோல் ஒழுங்காக ஆடியிருந்தது. வித்தியாசமும் இல்லை, விசேஷமும் இல்லை.

"கொஞ்சம் அவசரப்பட்டுட்டீங்களே சார்" என்று வழுக்கைத் தலையர் துக்கம் விசாரித்தார். முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தது.

பேராசிரியர் வீட்டுக்குள் புயலாக நுழைந்தார். மனைவி சோபாவில் காலை நீட்டி நாவல் படித்துக்கொண்டிருந்தாள்.

"உன் மூஞ்சியை நம்பித்தானே அனுப்பினேன்! உங்க லேப்ல ஒரு மண்ணும் கிடைக்கலைன்னா, வாரம் பூரா எதுக்கு அப்படிச் சிரிச்சே?"

"ஓ, இன்னிக்குத்தான் கவரைப் பிரிச்சாங்களா?"

"விளையாடாதே!"

"நீங்க மியூவானைப் பத்தி மட்டும்தானே கேட்டீங்க? என்னைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"என்னன்னு?"

அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

"போன வாரமே வேலையை விட்டுட்டேங்க."