சமையலறை ஜன்னல்

கப்பல் எஞ்சினியர் குடும்பம் குவார்ட்டர்ஸ் பார்க்க வருகிறது என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். காலியாக இருந்த இரண்டு வீடுகளையும் கேர்டேக்கர் யோகராஜ் பாலகுமாருக்கும் அவன் மனைவி இந்திராணிக்கும் காட்டினார்.

"கீழ் வீட்டையே எடுத்துக்குங்க சார். இந்த நாலாவது மாடிக்குத் தண்ணி சரியா ஏறாது. லிஃப்ட்டும் கிடையாது."

"தண்ணி தூக்கிக்கலாம்," என்றான் பாலகுமார்.

"நீங்க கப்பல்ல போயிட்டா? மேடம் பாவம் சார்."

இந்திராணி சிரித்தபடி சமையலறை ஜன்னலைத் திறந்தாள். கீழே கப்பல்கள் வந்து அணையும் ஃபீனிக்ஸ் பே ஜெட்டி முழுவதும் தெரிந்தது.

"இதுக்குத்தான் அண்ணே," என்றான் பாலகுமார். "லாங் ஐலண்ட் கப்பல் சொன்ன நேரத்துக்கா வருது? இங்கிருந்து அது உள்ளே நுழையறதைப் பார்த்ததும் உலை வச்சா, வீடு வந்து சேர்றதுக்குள்ள சோறு ரெடி. இத்தனை நாளா ஆறின சோறுதான்."

யோகராஜுக்கு மனசு இளகியது. "டீக் ஹை சார். நீங்க கொடுத்து வச்சவர்," என்று சாவியை நீட்டினார்.

பாலகுமார் அதை வாங்கவில்லை. "மேடம்கிட்ட கொடுங்க அண்ணே. எஞ்சினியர் அவங்கதான். உலை வைக்கப்போறது நான்."

"குழம்பும்," என்றாள் இந்திராணி, சாவியை வாங்கிக்கொண்டே.