பதினாறாம் நாள் மருந்து

கல்யாணத்தன்று பெண்வீட்டு வயலின் பூஞ்சையை மாப்பிள்ளை வயலில் விட்டு, நெல்வேர்களின் மரபணுவைத் திறந்துவிடுவார்கள். பிறகு இரண்டு வயலும் வரப்புக்கடியில் சத்தைப் பகிர்ந்துகொள்ளும். பெண் இறந்தால், பதினாறாம் நாள் கணவனே மருந்தடித்து வேர்களை மூட வேண்டும்.

இன்று மனைவியை இழந்த எழிலனின் முறை. மூடினால், அவன் வயலின் சத்தை நம்பி நிற்கும் மாமனாரின் பயிர் கதிர் தள்ளாமலே காய்ந்துவிடும். சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அடிங்க மாப்ள. மகளே போயிட்டா, இனிமே எனக்கு எதுக்கு உங்க வயல் சோறு?" என்றார் மாமனார்.

எழிலன் வரப்பு முழுக்க அடித்தான். மாமனார் முகர்ந்து பார்த்தார்.

"மருந்து வாடையே இல்லையே?"

"புது மருந்து மாமா. வாடை வராது."

அவர் அவனையே சற்றுநேரம் பார்த்தார். பிறகு சொந்தங்களிடம் திரும்பி, "முடிஞ்சுது, எல்லாரும் சாப்பிட வாங்க" என்றார்.

எழிலன் தெளிப்பானில் மிச்சமிருந்த தண்ணீரை வாய்க்காலிலேயே ஊற்றினான்.