மன்சா உடைத்த ரகசியம்

“மேடம், சொல்லலாமா வேணாமான்னு தெரியல...” வண்டி ஓட்டும் எபோ தலையைச் சொறிந்தான்.

“மென்னு முழுங்காம சொல்லு.”

“முந்தாநாள் மன்சா மேடம் பெரிய அதிகாரி அறைக்குப் போனாங்க. கதவு சரியா சாத்தல. ‘அராபா மாத்திரை சாப்பிடுறா’ன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு.”

அராபாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

டகோராடி நகரத் தீயணைப்பு நிலையத்தின் தலைமைப் பதவிக்கு அன்று நேர்காணல். போட்டியில் இரண்டே பேர், அராபாவும் மன்சாவும். இருபது வருடமாக ஒரே வண்டியில் நெருப்புக்குப் போய் வருகிறவர்கள்.

“ஒரு கெங்கி உருண்டை வாங்கினாக்கூட பாதி எனக்குப் பிய்ச்சுக் குடுத்துட்டுத்தான் சாப்பிடுவா. அவளா?”

“பதவின்னு வந்துட்டா யாரு மேடம் பாதி குடுப்பா?” என்றான் எபோ.

அந்த மாத்திரை ஆரம்பித்தது ஏழு மாதத்துக்கு முன்னால். செம்பனைச் சூப்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, பக்கத்து வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று பார்க்கப் போனாள் அராபா. அங்கே இன்னொரு வேலை, அதற்குள் வேறொரு பேச்சு. கடைசியில் அவள் வீட்டுச் சமையலறைத் தீயை அணைக்க அவள் நிலையத்து வண்டியே மணியடித்துக்கொண்டு வந்தது. தெருவே சிரித்தது.

மன்சா மட்டும் சிரிக்கவில்லை. “இது வெறும் மறதி இல்லடி. கிளம்பு” என்று தலைநகர் அக்ராவில் இருந்த மனநல டாக்டரிடம் பஸ்ஸில் கூட்டிப் போனாள்.

டாக்டர் இரண்டு மணி நேரம் துருவித் துருவிக் கேட்டார்.

“உங்களுக்கு ஏ.டி.எச்.டி. இருக்கு. மூளை கவனத்தைப் பிடிச்சு வைக்கிற விதமே வேற. சின்ன வயசுலேர்ந்தே இருந்திருக்கு, யாரும் கண்டுபிடிக்கல. மாத்திரை எழுதித் தரேன். சோம்பேறித்தனம் இல்லம்மா இது.”

நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாக ஒருவர் அவளைப் பார்த்து அப்படிச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் பிரம்படி, பெற்ற அம்மாவிடம் ‘மறை கழன்றவள்’, கட்டியவனிடம் ‘பொறுப்பில்லாதவள்’ என்ற பெயர். திரும்பி வரும்போது பாதி வழிக்கு அழுதாள். கேப் கோஸ்ட் தாண்டியதும் சிரிக்க ஆரம்பித்தாள். மன்சா கைக்குட்டையை நீட்டிக்கொண்டே வந்தாள்.

“யார்கிட்டயும் சொல்லிடாதடி. பைத்தியம்னு முத்திரை குத்திடுவாங்க.”

“செத்தாலும் சொல்ல மாட்டேன்” என்றிருந்தாள் மன்சா.

அந்த மன்சா இப்போது முற்றத்தில் ஈரக்குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நேர்காணல் நாளில், பழைய வேலை உடுப்பில். பதவி கைக்கு வந்துவிட்டதென்று அவ்வளவு நிச்சயமா?

அராபா பக்கத்தில் போய் நின்றாள்.

“உயிரோடதானே இருக்க?”

மன்சா நிமிர்ந்து பார்த்தாள். புரிந்துவிட்டது. மறுபடியும் குழாயைச் சுருட்டினாள்.

உள்ளே மூன்று அதிகாரிகள். நடுவில் பெரிய அதிகாரி டாட்ஸி. எதிரில் தடிமனான கோப்பு.

“இருபது வருஷத்துல நாற்பத்தோரு அறிக்கை தாமதம். ரெண்டு தடவை வண்டிச் சாவியைத் தொலைச்சிருக்கீங்க. ஏதோ மாத்திரை சாப்பிடுறதாவும் கேள்விப்பட்டோம். உண்மையா?”

பொய் சொல்லலாம். அராபா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள்.

“உண்மை சார். ஏ.டி.எச்.டி.ன்னு பேரு. இத்தனை நாள் அதைச் சொல்ல வெட்கப்பட்டேன். இன்னையோட அந்த வெட்கம் போச்சு.”

ஒருவர் கேட்டார்: “சாவியைத் தொலைக்கிறவங்க நிலையத்தை எப்படிம்மா நடத்துவீங்க?”

“மீன் சந்தை எரிஞ்சப்போ பதினொரு பேரை வெளிய கொண்டு வந்தோம். எந்தப் பக்கம் கூரை முறியுது, எந்த மூலையில குழந்தை அழுவுது, எல்லாம் ஒரே நேரத்துல என் காதுல விழுந்துச்சு. வீட்டுல இருந்தா தலைக்குள்ள நாலு வானொலி கத்தும் சார். நெருப்புக்கு முன்னாடி எல்லாம் அடங்கிடும், நான் மட்டும் தெளிவா இருப்பேன். இது ஒரே மூளைதான். நல்லதை மட்டும் வச்சுக்கிட்டு கெட்டதைத் திருப்பிக் குடுக்க வழியில்ல. இப்ப மாத்திரை சாப்பிடுறேன், சாவியைக் கழுத்துல மாட்டியிருக்கேன். அவ்வளவுதான்.”

சொல்லி முடித்தபோது குரல் நடுங்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியம்.

டாட்ஸி அவளையே பார்த்தார்.

“இதை எங்களுக்குச் சொன்னது யாருன்னு தெரியுமா?”

“தெரியும் சார். அவளுக்கும் இந்தப் பதவி வேணும்.”

“வாயால சொன்னதை எழுதியும் வாங்கி வச்சிருக்கோம். நீங்களே படிங்க.”

மன்சாவின் சாய்ந்த கையெழுத்து. அராபா படித்தாள்.

‘இந்தக் கோப்பைப் பார்த்தால் அராபா பொறுப்பில்லாதவள் என்றுதான் தோன்றும். காரணம் தெரியாமல் அவளை ஒதுக்கிவிடாதீர்கள். காகிதத்துக்குத்தான் அவள் தாமதம், நெருப்புக்கு ஒரு நாளும் இல்லை. ரகசியத்தை உடைத்ததற்கு என்னைத் திட்டுவாள், வாங்கிக்கொள்கிறேன். என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன். தலைமைக்கு அவளைப் போடுங்கள். அறிக்கை எழுத நான் இருக்கிறேன்.’