விட்டிடாதை, ராசாத்தி

கண்டிக்கு அப்பால், ஹுன்னஸ்கிரியவுக்கு ஏறும் மலை வளைவில் ஜீப்பை நிறுத்தி, மறுபடி கிளப்பிப் பார்த்தார் வாங்க வந்தவர்.

ஜீப் ஒரு சாண்கூடப் பின்னால் வழுகவில்லை.

"இந்த ஒட்டோ கியர் ஒருநாளும் சூடாகி நின்றதில்லையா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"இல்லை. எண்ணெயை மட்டும் நேரத்துக்கு மாற்றிவிட வேண்டும்," என்றார் பக்கத்தில் இருந்த சோதிலிங்கம். அவரும் சிங்களத்தில்தான் பேசினார்.

சோதிலிங்கம் ஓய்வுபெற்ற பொறியியலாளர். யாழ்ப்பாணத்தை விட்டுக் கண்டிக்கு வந்து முப்பது வருடங்களுக்கு மேல். லாண்ட் றோவரைத் தவிர வேறு ஜீப் வைத்திருந்ததில்லை. எண்பத்து மூன்று கலவரத்தில் வீட்டு வாசலில் வைத்து ஒன்றை எரித்தார்கள். சாம்பலைக் கூட்டித் தள்ளிவிட்டு அடுத்ததையும் அதே கம்பனியில்தான் வாங்கினார்.

இது அதற்கும் அடுத்தது. மனைவி போன வருடம் இறந்துவிட்டார். மகள் கனடாவுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பேராதனை வீட்டில் சில நாட்கள் அவர் பேசுகிற ஒரே ஆள் பால்காரர்தான்.

ஜீப்பை விற்க விளம்பரம் போட்ட பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்களுக்கெல்லாம் தானாக மாறுகிற அந்தக் கியரில் சந்தேகம். அலவத்துகொடவில் கராஜ் வைத்திருக்கும் முஹ்ஸின்கூட, "மலைக்கு இது சரிவராதெண்டுதான் எல்லாரும் சொல்றாங்க சேர். கழட்டிட்டுச் சாதாரண கியரப் போட்டுத் தாரேன், வித்துரலாம்," என்றார்.

சோதிலிங்கம் சம்மதிக்கவில்லை.

ஒட்டோ கியர்தான் வேண்டும் என்று தேடி வந்தவர் இந்தத் திலகசிரி ஒருவர்தான். முப்பது வயதிருக்கும். ஏறும்போது இடது காலை இரண்டு கைகளாலும் தூக்கி உள்ளே வைத்தார். முழங்காலுக்குக் கீழே பொய்க்கால். அதனால் கிளச் மிதிக்க முடியாது.

எப்படி என்று சோதிலிங்கம் கேட்கவில்லை. வேறு கேள்விதான் கேட்டார். "ஜப்பான் ஜீப்புகளிலும் இந்தக் கியர் இருக்கிறதே. ஏன் இதைத் தேடி வந்தீர்கள்?"

திலகசிரி ஜீப்பை ஓரமாக நிறுத்தினார்.

"தொண்ணூற்றைந்து கடைசி. நான் ஆமியில் இருந்தேன். யாழ்ப்பாணத்தில் ஒரு ஊர், பெயர் வாயில் நிற்கவில்லை. சனம் முழுக்க வெளியேறியிருந்தது. நல்ல மழை. வாழைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் மிதிவெடியில் கால் வைத்துவிட்டேன்."

சேற்றில் அம்புலன்ஸ் வர முடியவில்லை. கூட இருந்த பையன்கள் வீடு வீடாகத் தேடினார்கள். ஒரு வீட்டில் பழைய லாண்ட் றோவர் ஒன்றும் ஒரு கிழவரும் இருந்தார்கள்.

"துவக்கைக் காட்டித்தான் ஓட்டச் சொன்னார்கள். பிறகு துவக்கு தேவைப்படவில்லை. அவரே ஒரு சாக்கை மடித்து என் தலைக்குக் கீழே வைத்தார்."

பெற்றோல் கிடைக்காத காலம். மண்ணெண்ணெயில்தான் அந்த ஜீப் ஓடியது. சில்லுகள் சேற்றில் புதைந்தன, ஏறி வந்தன, மறுபடியும் புதைந்தன. நின்றுவிடும் என்று ஒவ்வொரு தரமும் பயந்தாராம். ஒரு தரமும் நிற்கவில்லை. பிழைத்தால் இந்த ஜீப்தான் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டாராம்.

"வழி முழுக்க அந்த மனிதர் எனக்கு ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அது மட்டும் மறக்கவில்லை."

திலகசிரி தட்டுத் தடுமாறித் தமிழில் சொன்னார். "விட்டிதாத, ராசாத்தி. விட்டிதாத, ராசாத்தி."

சோதிலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே தேயிலைச் சரிவில் பனிமூட்டம் ஏறிக்கொண்டிருந்தது.

"அதற்கு என்ன அர்த்தம், மாத்தயா?"

"விட்டுவிடாதே என்று அர்த்தம். உங்களுக்குத் தைரியம் சொல்லியிருக்கிறார்."

"ராசாத்தி?"

"செல்லமாகக் கூப்பிடுவது. பிள்ளைகளை."

திலகசிரி தலையாட்டினார். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அவர் பிறகு என்ன ஆனார்?" என்று கேட்டார் சோதிலிங்கம். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டார்.

"முகாம் வாசலில் என்னை இறக்கினார்கள். அவர் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போனார். அதுதான் நான் கண்டது. அந்தப் பக்கம் பிறகு ஷெல் விழுந்ததாகச் சொன்னார்கள்."

பிறகு திலகசிரி அவரைப் பார்த்தார். "உங்களுக்கு அங்கே யாராவது இருக்கிறார்களா, மாத்தயா?"

கண்டியில் சோதனைச் சாவடிகளில் அவரிடம் கேட்கிற கேள்விதான் அது. அடையாள அட்டையில் பிறந்த இடத்தைக் கண்டதும் கேட்பார்கள். வருடக் கணக்காகச் சொல்லிப் பழகிய பதில் முந்திக்கொண்டு வந்துவிட்டது.

"இல்லை. ஒருவரும் இல்லை."

அவருடைய அண்ணர் பரமநாதன், தொண்ணூற்றைந்தில் ஊர்ச் சனத்தோடு போக மறுத்து நீர்வேலி வீட்டில் தனியே நின்றுவிட்டவர். அதற்குப் பிறகு அவரைக் கண்டதாகச் சொல்ல ஒருவரும் அகப்படவில்லை. கடிதங்களுக்கும் பதில் இல்லை. தன் கிழட்டு ஜீப்பை ராசாத்தி என்று கூப்பிட்டு, அதைக் கெஞ்சிக் கெஞ்சி ஓட்டுகிற வேறொரு மனிதரைச் சோதிலிங்கம் தன் வாழ்நாளில் கண்டதில்லை.

"எனக்கு இந்த ஜீப்பே போதும்," என்று திலகசிரி ஜீப்பைக் கிளப்பினார்.

ஜீப் சத்தமில்லாமல் ஏறியது. சோதிலிங்கம் முழங்கால்களின் மேல் கைகளை வைத்துக்கொண்டு இருந்தார். அடுத்த வளைவில் திலகசிரி அந்தக் கேள்வியை இன்னொரு தரம் கேட்பார் என்று காத்திருந்தார். அண்ணரின் பெயர் நாக்கு நுனியில் வந்து நின்றது.

திலகசிரி பாதையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். கேட்கவில்லை.