வாய்ப்பு சார் உறுதியாகச் சொன்னது

மருத்துவர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். வாய்ப்பு சார் கண்ணுக்கு அது மேகப்படம் போலத்தான் இருந்தது.

நீலத்தின் நடுவே திட்டுத்திட்டாகப் பழுப்பு. தென்மேற்கு மூலையில் நல்ல அடர்த்தி. கடலுக்குப் போகிறவர்கள் கவனமாக இருக்கவும் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது.

ஆனால் அது வானமில்லை. அவர் மனைவியின் பித்தப்பை.

கல் என்று சொல்லித்தான் அதை எடுத்தார்கள். எடுத்ததை வெட்டிப் பார்த்தால், கல்லுக்குப் பக்கத்தில் கதவைக்கூடத் தட்டாமல் புற்று வந்து குடியிருந்தது. இன்னொரு ஆபரேஷன் செய்து, ஈரலில் ஓர் ஓரத்தையும் எடுத்துவிடுவது நல்லது என்றார் மருத்துவர். புற்றின் வேகத்தைச் சொல்லும் புரதச் சோதனை ஒன்று பாக்கி இருந்ததால் மனைவி ஒப்பவில்லை. "புரத ரிப்போர்ட் வரட்டும். பரவாயில்லைன்னா நான் மறுபடி மேஜையில படுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

அந்த ரிப்போர்ட்தான் இப்போது திரையில் இருந்தது.

வாய்ப்பு சார் வானிலை அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வானொலியில் அவர் குரல்தான் வரும். மழைக்கு வாய்ப்பு உண்டு, இடிக்கு வாய்ப்பு உண்டு என்றே காலம் தள்ளியதில் தெருவுக்கு அவருடைய சொந்தப் பெயர் மறந்துபோனது. ஒருமுறை, லேசான காற்றுக்கு வாய்ப்பு என்று அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அலுவலகக் கூரை கழன்று பறந்தது. மனிதர் அசரவில்லை. தாளை முழங்கையால் மேஜையோடு அமுக்கிக்கொண்டு, "ஓரளவு பலமான காற்றுக்கும் வாய்ப்பு உண்டு" என்று திருத்தி வாசித்துவிட்டுத்தான் எழுந்தார். கூரை அடுத்த தெருவில் ஒரு மொட்டை மாடியில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. வீட்டுக்காரர் திருப்பித் தர மாட்டேன் என்றுவிட்டாராம்.

வீட்டிலும் அதே கதைதான். சாப்பாட்டில் உப்பு சரியா என்று கேட்டால், "சில இடங்களில் குறைவு" என்பார். குழந்தை பிறந்தபோது கையில் வாங்கிப் பார்த்த பிறகும், பெண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றுதான் சொன்னார்.

மருத்துவர் விளக்கினார். உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கும் புரதம் ஒன்று உண்டு. அது இதில் குறைவு. அணுக்கள் பெருகத் துடிக்கும் அவசரத்தைக் காட்டும் புரதம் இன்னொன்று, இந்தப் பழுப்பெல்லாம் அதுதான், அது அதிகம். இப்படி இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் திரும்ப வந்திருக்கிறது. இருந்தாலும், இதை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் ஆளுக்கு இன்னதுதான் நடக்கும் என்று சொல்ல முடியாது.

வாய்ப்பு சாருக்கு ஒரு வரிகூட விளக்க வேண்டியிருக்கவில்லை. பாதிக்கு மேல், பொதுவாக, இருந்தாலும். அவர் பிழைப்பு நடத்திய சரக்கு அத்தனையும் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தது.

முகத்தை மட்டும் செய்தி வாசிக்கிற முகமாகவே வைத்துக்கொண்டார்.

"எங்க வீட்லயும் ஒருத்தர் இப்படித்தான் டாக்டர்" என்றாள் மனைவி. "கேட்டா பதில் வரும். விஷயம் வராது."

சிரிக்கலாமா வேண்டாமா என்று மருத்துவர் யோசித்தார்.

அதற்குள் அவள் கணவன் பக்கம் திரும்பிவிட்டாள். "ஏங்க, இந்த பாஷை உங்களுக்குத்தான் புரியும். ஒரே வார்த்தையில சொல்லுங்க. திரும்ப வருமா, வராதா?"

"வராது."

"வாய்ப்பு கீய்ப்பு ஒண்ணும் இல்லையா?"

"வராதுன்னா வராது. எந்திரி, வீட்டுக்குப் போவோம்."

"சார், நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று மருத்துவர் பதறினார்.

மனைவி எழுந்திருக்கவில்லை. கணவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகத்தில் இருந்த விளையாட்டெல்லாம் வடிந்தது. புடவைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எப்ப வந்து படுக்கணும் டாக்டர்?"

மருத்துவர் தேதி சொன்னார். பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பதற்காக நர்ஸ் அவளை அழைத்துக்கொண்டு போனாள். கதவு மூடியதும் மருத்துவர் பேனாவை மேஜைமேல் போட்டார்.

"என்ன சார் விளையாட்டு இது? அவங்க அதை நம்பி வீட்டுக்குப் போயிருந்தா?"

"நம்ப மாட்டா டாக்டர். நான் ஒண்ண உறுதியாச் சொல்லி அவ கேட்டதே இல்ல. அதான் பயந்துட்டா" என்றார் அவர். "ரிப்போர்ட் நல்லா இருந்திருந்தா, திரும்ப வர வாய்ப்பு உண்டுன்னு வழக்கம்போலச் சொல்லியிருப்பேன். நிம்மதியா எந்திரிச்சு வந்திருப்பா."

மருத்துவர் அவரை ஒரு கணம் புதிதாகப் பார்த்தார்.

வாய்ப்பு சார் எழுந்தார். கதவுவரைக்கும் போனார். கைப்பிடியில் கை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"ஆபரேஷன் பண்ணினா? பண்ணினதுக்கு அப்புறம் திரும்ப வருமா, வராதா? எனக்கும் ஒரே வார்த்தையில சொல்லிடுங்க."

மருத்துவர் நல்ல மனுஷி. எதிரே நிற்பவரோ வயதானவர், மனைவிக்காக இவ்வளவு பாடுபட்டவர். திரையை ஒருமுறை பார்த்தார். பிறகு அதை அணைத்தார்.

"வராது சார்" என்றார் உறுதியாக.

வாய்ப்பு சார் கைப்பிடியை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.