வில்யாவின் நான்கு இரவுகள்

"ஏன்டி ரைலி, மூணு ராத்திரியா அந்தக் கிதார்க்காரி பின்னாடியே அலையிறியாமே! காலை ஷிஃப்டைக்கூட மாத்திக்கிட்டியாம். உனக்கு என்னடி ஆச்சு?"

டிராம் பணிமனையின் ஓய்வறையில் காப்பியை நீட்டியபடி கேட்டாள் ஆய்லா.

ரைலிக்கு ஐம்பத்தெட்டு வயது. தம்பெரே நகரத்தில் விடியுமுன் கிளம்பும் முதல் டிராம் அவளுடையது. இரவு எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிடுகிறவள் என்பது பணிமனைக்கே தெரியும்.

"ஒரு வேலையாத்தான் போனேன். பத்து நிமிஷத்துல திரும்பிடலாம்னு நினைச்சேன். உட்கார்ந்தவ எழுந்திருக்கல."

"அப்படி என்னத்தை வாசிக்கிறா?"

"அதைத்தான் சொல்லத் தெரியல. புதன்கிழமை ஜாஸ் கிளப். தூங்குற குழந்தைகிட்டப் பேசுற மாதிரி வாசிச்சா. பீர் கிளாஸை மேசையில வைக்கக்கூட எல்லாரும் பயந்தாங்க. வியாழக்கிழமை டாங்கோ நடனம். அதே பொண்ணு, அக்கார்டியன்காரர் பக்கத்துல. முழங்கால் வலின்னு சுவரோரமா உட்கார்ந்திருந்த கிழடுங்கல்லாம் ஒவ்வொண்ணா எழுந்து ஆடப் போச்சு! ரெண்டும் ஒரே ஆள்னு சத்தியம் பண்ணினாலும் நம்ப மாட்டே."

"நேத்து?"

"நேத்து ஹெவி மெட்டல் கச்சேரி."

ஆய்லாவுக்குப் புரையேறியது. "நீயா? அந்தக் கறுப்புச் சட்டைப் பசங்க நடுவுலயா?"

"காதுல பஞ்சு வச்சுக்கிட்டுத்தான் போனேன். மூணாவது பாட்டுல எடுத்துட்டேன். மொதல்ல வெறும் இடின்னு நினைச்சேன்டி. கவனிச்சுக் கேட்டா, அந்த இடிக்குள்ள ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக் கேக்குது. என் பக்கத்துல ஒரு தாடிக்காரன் தேம்பித் தேம்பி அழறான். சரி, நானும்தான் அழுதேன்."

ஆய்லா சிரிக்கவில்லை. "இன்னைக்கும் உண்டா?"

"உண்டு. நீயும் வா."

அன்று ஆற்றங்கரைக் கிளப்பில் வில்யா தனியாக வாசித்தாள். முப்பது வயதுகூட இருக்காது. மெலிந்த உருவம். கூட இசைப்பவர்கள் யாரும் இல்லை. ஒரு நாற்காலி, ஒரு கிதார், நாற்பது பேர்.

பாட்டு உச்சத்தில் இருந்தபோது ஒரு தந்தி பட்டென்று அறுந்தது. வில்யா குனிந்துகூடப் பார்க்கவில்லை. அவள் விரல்கள் மற்ற ஐந்து தந்திகளில் வேறு வழி தேடிக்கொண்டன. பாட்டு ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. முன்பைவிட ஏக்கமாக, முன்பைவிட அழகாக அது மேலே போயிற்று.

"மனுஷிதானா இவ?" என்று ரைலியின் கையைப் பிடித்துக்கொண்டாள் ஆய்லா.

நிகழ்ச்சி முடிந்ததும் வில்யா நேராக இவர்கள் மேசைக்கு வந்தாள்.

"நாலு நாளும் உங்களைப் பார்த்தேன். ஜாஸுக்கு வர்றவங்க மெட்டலுக்கு வர மாட்டாங்க. டாங்கோவுக்கு வர்றவங்க இங்க வர மாட்டாங்க. நாலுக்கும் வந்த ஒரே ஆள் நீங்கதான்." அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நல்லவேளை வந்தீங்க. இதோட நான் நிறுத்தப் போறேன்."

ரைலியின் முகம் வெளுத்தது. "நிறுத்தப் போறியா? ஏன்?"

"பயிற்சி பண்ற சத்தம் தாங்கலைன்னு எங்க குடியிருப்புல பதினொரு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. திங்கட்கிழமை கூட்டம். காலி பண்ணச் சொல்லிடுவாங்க. எனக்கு இது மூணாவது வீடு. இனிமே அலைய முடியாது. அம்மாவோட ஊர்ல மீன் ஆலை இருக்கு. வேலைக்குச் சொல்லி வச்சுட்டேன்."

"இந்தக் கையை வச்சுக்கிட்டா மீன் வெட்டப் போறே?" என்று ஆய்லா பொரிந்தாள். "யாரு அந்தப் பதினொரு பேர்?"

"தெரியாது. போன இலையுதிர் காலத்துலதான் குடிவந்தேன். நான் வீடு திரும்பும்போது எல்லாரும் தூங்கியிருப்பாங்க."

ரைலி எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். பிறகு, "கூட்டத்துக்குப் போ," என்றாள்.

"எதுக்கு? பதினொரு பேர் முறைக்கிறதைப் பார்க்கவா? தனியாப் போக எனக்குத் தைரியம் இல்லைங்க."

"தனியாப் போக வேண்டாம். நானும் வர்றேன்."

திங்கட்கிழமை மாலை ஐந்து மணி. குடியிருப்பின் கீழ்த்தளத்தில், சலவை அறையை ஒட்டிய கூட்ட அறை நிறைந்திருந்தது. கடைசி வரிசையில் வில்யா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ரைலி வந்து அமர்ந்ததும்தான் அவளுக்கு மூச்சே வந்தது.

"வெளியாளுங்களை விட மாட்டாங்கன்னு பயந்துட்டிருந்தேன்," என்று கிசுகிசுத்தாள்.

ரைலி கோட்டுப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

குடியிருப்புச் சங்கத் தலைவர் கலெர்வோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு புகாரைப் படித்தார். "'...இந்தப் பெண்ணுக்கு இசையும் தெரியாது, இங்கிதமும் தெரியாது. உடனே வெளியேற்ற வேண்டும்.' இதை எழுதினவங்க ஏதாவது பேச விரும்பறீங்களா?"

வில்யா ரைலியின் கையைப் பற்றினாள். அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு ரைலி எழுந்தாள். கோட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

"பதினொரு பேரும் புகாரை வாபஸ் வாங்கிட்டோம். நேத்து முழுக்க வீடு வீடா ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினேன். அந்தப் புகாரை எழுதினவ நான்தான். இவளுக்கு நேர் கீழ்வீடு. புதன்கிழமை நாலு பேர் முன்னாடி இவளைத் திட்டித் தீர்க்கணும்னுதான் கிளப்புக்கே போனேன். இனிமே யாராவது இவளைக் காலி பண்ணச் சொன்னா, அடுத்த புகார் அவங்க மேலதான் எழுதுவேன்!"